எழுதாத ரிப்பன்

பாட்டில்கள் இந்த முறையும் திரும்பி வந்துவிட்டன. சேற்றுவெளியில் ஆங்காங்கே கிடந்தவற்றை ஜொங்நான் கூடையில் பொறுக்கிக்கொண்டு வந்து, சிப்பிக் கிடங்கின் வாசலில் பூனொக்கின் காலடியில் கொட்டினாள். வெளியெல்லாம் சேறு. உள்ளே அரிசி ஒரு மணிகூட நனையவில்லை. மூடியைத் திறந்து அப்படியே உலையில் போடலாம்.

“உங்க ஊர்க்காரங்களுக்கு நம்ம அரிசி பிடிக்கலையாம். திருப்பி அனுப்பிட்டாங்க,” என்றாள் ஜொங்நான்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் பூனொக்குக்குச் சுருக்கென்றிருக்கும். ஜொங்நான் அந்தக் கிராமத்துச் சிப்பிக் கூட்டுறவின் தலைவி. குத்தலாகப் பேசாமல் அவளால் கூடையைக்கூட இறக்கிவைக்க முடியாது. ஆனால் விடியற்காலைப் பனியில் முழங்கால் சேற்றில் இறங்கி, ஒவ்வொரு பாட்டிலாகத் தேடி எடுத்து வருபவளும் அவள்தான்.

பூனொக் ஒரு பாட்டிலை எடுத்துத் துடைத்தாள். ஏன் திரும்புகிறது? அது மட்டும் அவளுக்குப் பிடிபடவே இல்லை.

தென்கொரியாவின் கங்வா தீவில், வடமேற்கு மூலையில் இருக்கிறது தோல்மோரு துறை. எதிரே ஒரு குறுகிய கடல். அதற்கு அப்பால் ஹ்வாங்ஹே மாநிலம், வடகொரியா. மூட்டம் இல்லாத நாளில் அங்கே மாட்டுவண்டி போவதும், வயலில் குனிந்திருக்கும் முதுகுகளும் வெறுங்கண்ணுக்கே தெரியும். பூனொக் பிறந்தது அந்தக் கரையில். கண்ணுக்கு எட்டும் அந்தத் தூரத்தைக் கடக்க அவள் முதலில் எதிர்த்திசையில் வடக்கே போக வேண்டியிருந்தது; பிறகு சீனா, லாவோஸ், தாய்லாந்து. இந்தக் கரையில் வந்து நின்றபோது தலையில் பாதி நரைத்திருந்தது. இப்போது இன்ச்சொனில் ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் இங்கே வந்து கடலில் அரிசி போடுவாள்.

பாட்டிலில் அரிசி அனுப்புவது அவள் கண்டுபிடித்ததல்ல. அங்கிருந்து வந்தவர்கள் பலர் செய்வதுதான். பெரிய தண்ணீர்ப் பாட்டிலில் முக்கால் அளவு அரிசி, மேலே ஒரு பொட்டலம் பூச்சி மாத்திரை. மூடியை இறுக்கினால் மிதக்கும். தாளோ எழுத்தோ எதுவும் இருக்காது. வசந்தத்தில் இரு தரப்புத் தலைவர்களும் கைகுலுக்கிய பிறகு, தாள் போட்டால் பிடிப்போம் என்று போலீஸ் சொல்லிவிட்டது. பூனொக்குக்கு அதில் வருத்தமில்லை. எழுத்தோடு கரையேறும் பாட்டிலை எடுத்தவர் கதி என்னவாகும் என்று போலீஸைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

முன்பெல்லாம் யாருக்காவது போய்ச் சேரட்டும் என்றுதான் போட்டாள். அந்தக் கோடையில் அது மாறியது. அவள் ஊர்ப்பக்கத்துப் பெண் ஒருத்தி புதிதாகத் தப்பி வந்து சேர்ந்தாள். பூனொக்கின் அக்கா உயிரோடு இருப்பதாகச் சொன்னாள். கரையோரச் சேற்றில் சிப்பி தோண்டும் அரசாங்கத் தொழிலாளர் படையில் வேலை. தோண்டும் சிப்பியெல்லாம் ஏற்றுமதிக்குப் போய்விடும். பேரப்பிள்ளைகள் வயிறு வீங்கிக் கிடக்கின்றன. டிசம்பரில் கரையில் பனிக்கட்டி கட்டியதும் அந்தப் படை சேற்றுக்கு இறங்காது. அதற்குப் பிறகு எந்தப் பாட்டில் போய்ச் சேர்ந்தாலும் காவல் வீரன் கையில்தான் சேரும். அக்கா சேற்றில் நிற்கும்போதே அவள் கண்ணில் ஒன்றாவது பட வேண்டும்.

இப்போது அக்டோபர் பாதி.

தண்ணீர் போகும் வழியில் குழப்பமில்லை. ஜொங்நான் அதைக் கையால் வரைந்தே காட்டியிருந்தாள். ஏற்றத்தின்போது கடல், கிழக்கே வந்து கலக்கும் பெரிய ஆற்றின் முகத்துக்குள் ஏறும். ஏற்றம் நின்று வற்றம் தொடங்கியதும் ஏறிய தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் சேர்ந்து மேற்கே திரும்பி, வடக்குக் கரையை உரசிக்கொண்டு ஓடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அந்த ஓட்டம் இன்னும் வேகமாக இருக்கும். பூனொக் அந்த நாட்களில்தான் போட்டாள், வற்றம் தொடங்கும் நேரத்தில்தான் போட்டாள். பாட்டில்கள் கொஞ்ச தூரம் சமர்த்தாகப் போகும். பிறகு என்ன நினைத்துக்கொள்ளுமோ, திரும்பிவிடும்.

“வெள்ளத்துல வர்ற மரக்கட்டை போகுது. போன வருஷம் ஒரு செத்த மாடு போச்சு, நானே பாத்தேன், நேரா உங்க கரையில போய் ஒதுங்குச்சு,” என்றாள் ஜொங்நான். “செத்த மாட்டுக்குத் தெரியுற வழி உன் பாட்டிலுக்குத் தெரியல.”

அரிசியைக் கூட்டிப் பார்த்தாகிவிட்டது. கூட்டினால் பாட்டில் ஆழ அமிழ்ந்து, அவள் வழக்கமாக நின்று போடும் பாறையடியிலிருந்து கொஞ்ச தூரம் போனதும் மணல்திட்டில் தட்டி நின்றுவிடும். திட்டைத் தாண்டிப் போட வேண்டுமானால் துறையின் முனைக்குப் போக வேண்டும். முனையோ முள்வேலிக்கு அந்தப் பக்கம். வாயில் ராணுவத்திடம். அரிசி பாட்டிலோடு நிற்கும் ஒரு சலவைக்காரிக்காக அவர்கள் அதைத் திறக்கமாட்டார்கள்.

ஜொங்நான் கடைசியில் விஷயத்துக்கு வந்தாள். கூட்டுறவில் பேச்சு கிளம்பிவிட்டது. சிப்பி எடுக்கிற இடத்தில் பிளாஸ்டிக் குப்பை சேருகிறது என்று பெண்கள் முணுமுணுக்கிறார்கள். இன்னொரு முறை இத்தனையும் திரும்பினால் கரையில் கால் வைக்கவே விடமாட்டார்கள். அரிசி கொடுக்கும் இன்ச்சொன் தேவாலயத்திலும் கைகள் சுருங்கத் தொடங்கிவிட்டன என்பதைப் பூனொக் அவளிடம் சொல்லவில்லை.

அந்த வாரம்தான் கில் ஹெசொன் வந்தாள்.

தலைநகர் சியோலிலிருந்து வரும் சமாதான நடைக்குழுவை நடத்துபவள் அவள். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் எல்லையோரமாக நடப்பார்கள். வெளிநாட்டுப் பெண்களும் வருவார்கள். வேலிக்கம்பிகளில் ஆசைகளை எழுதி ரிப்பன் கட்டுவார்கள். இந்த ஆண்டு தோல்மோருவில் முடிக்க அனுமதி வாங்கியிருந்தார்கள். துறைமுனை வாயில்கூட அவர்களுக்காகத் திறக்கும். வடக்கிலிருந்து வந்த ஒரு பெண் முன்வரிசையில் நடந்தால் நன்றாயிருக்கும் என்று ஹெசொன், சிப்பி நூடுல்ஸ் கடையில் வைத்துக் கேட்டாள். கொரியப் பாரம்பரிய உடை, வெள்ளை ஹான்போக், அவர்களே தருவார்கள். இரண்டு வார்த்தை பேச வேண்டும். பட்டினி, காவல், முகாம் இதெல்லாம் அன்றைக்கு மட்டும் வேண்டாம். இப்போதுதான் பேச்சுவார்த்தை துளிர்விடுகிறது.

பூனொக் நூடுல்ஸைக் கிளறிக்கொண்டே இருந்தாள். அவளுக்குச் சண்டை போடும் தெம்பில்லை. இந்த மாதிரிக் கூட்டங்களை அவள் மறுகரையிலிருந்தும் பார்த்திருக்கிறாள். பள்ளியில் படிக்கும்போது ஒருமுறை, வெளிநாட்டுச் சமாதான விருந்தாளிகள் வருகிறார்கள் என்று பிள்ளைகளையெல்லாம் சாலையோரம் நிறுத்தினார்கள். காகிதப்பூவை எந்த உயரத்தில் பிடிப்பது, எப்படி ஆட்டுவது என்று ஒரு வாரம் பழக்கம். அந்த வாரம் முழுக்கச் சேற்றுக்கு இறங்க ஆளில்லாமல் வீட்டில் சிப்பிக் கஞ்சி இல்லை. விருந்தாளிகள் பேருந்துக்குள்ளிருந்து கையசைத்துவிட்டுப் போனார்கள். அக்கா அன்றைக்குக் காகிதப்பூவின் பசையை நக்கிப் பார்த்தாள், மாவுப் பசை.

அதை அப்படியே ஹெசொனிடம் சொன்னாள். ஹெசொன் மறுக்கவில்லை. நெற்றியைத் தடவிக்கொண்டாள். அவளும் களைத்துத்தான் இருந்தாள்.

“நான் காலேஜ்ல படிக்கறப்ப இங்கயே ராணுவ ஆட்சிதான். என்னையும் உள்ள வெச்சாங்க,” என்றாள். “ஏதோ ஒரு நாட்டுல, பேர்கூட வாயில நுழையாத ஊர்ல, பத்துப் பதினஞ்சு பொம்பளைங்க என் போட்டோவை வெச்சு மெழுகுவத்தி ஏத்தினாங்க. அதனால கதவு திறக்கல. ஆனா அது தெரிஞ்ச அன்னையிலேருந்து, அடிக்கிறவன் கொஞ்சம் யோசிச்சுக் கையை ஓங்கினான். எனக்கு அது போதுமா இருந்துச்சு.”

பூனொக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். “உங்களை அடிச்சவனுக்கு வெளிய யாரோ பாக்குறாங்கன்னு ஒரு பயம் இருந்துச்சு, மேடம். எங்க ஊர்ல அடிக்கிறவனுக்கு அது கிடையாது. நீங்க ரிப்பன் கட்டுறதை அவன் டிவில போட்டுக் காட்டுவான். பாத்தீங்களா, நம்ம பக்கம்தான் நியாயம், தெக்க இருக்கறவங்களே சொல்றாங்கம்பான்.”

“அப்ப நான் என்ன பண்ணட்டும்? வீட்டுல கதவைச் சாத்திட்டு உக்காரவா?”

பூனொக்குக்குத் தன் பாட்டில்கள் நினைவுக்கு வந்தன. தான் போடுவது மட்டும் என்ன? பட்டினி கிடக்கும் ஒரு நாட்டுக்குக் கூடை பாட்டில் அரிசி. அதுவும் போய்ச் சேராத அரிசி. ஹெசொனின் ரிப்பனாவது கட்டிய இடத்தில் நிற்கிறது.

“நடக்குறேன்,” என்றாள். “பட்டினியைப் பத்திப் பேசமாட்டேன். வாயிலைத் தொறக்கறப்ப என் பாட்டிலையும் உள்ள விடச் சொல்லுங்க.”

நடை முடியும் நாள் பௌர்ணமியை ஒட்டி அமைந்தது ஹெசொனுக்குத் தற்செயல்தான். வடமேற்கிலிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. மேளம், பதாகை, புறா வடிவப் பட்டம். பூனொக் யாருக்கோ தைத்த ஹான்போக்கைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ஒலிபெருக்கியில், வந்ததற்கு நன்றி என்று மட்டும் சொன்னாள். பின்னாலிருந்து ஜொங்நான், “கல்யாணப் பொண்ணு மாதிரியே இருக்கே, மாப்பிள்ளை நீந்தி வர்றாரா?” என்று கேட்டது மேடை வரைக்கும் கேட்டது.

வாயில் திறந்தது. அப்போதுதான் தகராறு. காவலுக்கு நின்ற இளம் லெப்டினன்ட், வேலியில் ரிப்பன் கட்டக் கூடாது என்று கையை விரித்தான். ஹெசொன் அனுமதித் தாளைக் காட்டினாள். அவன் பணிவாகவே விளக்கினான். இது புது வேலி. கம்பி அசைந்தாலே காவல் அறையில் மணி அடிக்கும்.

“ரிப்பன் ஆடுச்சுன்னா ராத்திரி பூரா அலாரம்தாம்மா. போன வாரம் ஒரு நாரை வந்து உக்காந்துச்சு. நாங்க அத்தனை பேரும் துப்பாக்கியைத் தூக்கிட்டு ஓடினோம்.”

ஆகவே கையில் ரிப்பனோடு அத்தனை பெண்கள், கட்ட இடமில்லாமல் நின்றார்கள். கடலைக் கெடுக்காத துணியாக இருக்க வேண்டும் என்று சாயம் ஏற்றாத பருத்தியில், உள்ளங்கை அகலத்தில், ஆள் நீளத்துக்குக் கிழித்த ரிப்பன்கள். அவற்றில் பல மொழிகளில் ஆசைகள். கட்டாத ரிப்பனோடு ஊர் திரும்ப யாருக்கும் மனமில்லை. யாரோ ஒரு வெளிநாட்டுக்காரப் பெண் பூனொக்கின் பாட்டிலைப் பார்த்தாள். அதன் கழுத்தில் தன் ரிப்பனைக் கட்டினாள். அவ்வளவுதான், வரிசையாக எல்லாரும் கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

பூனொக் தடுக்கத்தான் போனாள். எழுத்து இருக்கிறதே, எடுத்தவர் மாட்டிக்கொள்வாரே என்று பதறினாள். ஆனால் ஜொங்நான் தண்ணீரைக் காட்டினாள்: ஏற்றம் நின்றுவிட்டது, துறைக்கால்களைச் சுற்றியிருந்த நுரை மேற்கே நகரத் தொடங்கிவிட்டது. இதைத் தவறவிட்டால் அமாவாசை வரைக்கும் தண்ணீர் இல்லை, வாயிலும் இல்லை. பூனொக், ரிப்பன் கட்டாத பாட்டில்களை முதலில் வீசினாள். கட்டியவற்றில் அவிழ்க்க முடிந்ததை அவிழ்த்தாள். மீதியைப் பெண்கள் அவளுக்கு முன்னால் தாங்களே வீசிவிட்டு, கைகோத்துக் கண்ணை மூடி நின்றார்கள்.

பேருந்துகள் கிளம்பிய பிறகு அவள் துறையோரம் உட்கார்ந்து ஹான்போக்கைக் கழற்றி மடித்தாள். இவையும் திரும்பிவிடும், கூட்டுறவு இனித் தன்னைக் கரையில் விடாது, இங்கே வர வேண்டியிருக்காது என்று நினைத்தாள்.

சில நாள் கழித்து ஜொங்நான் போனில் அழைத்தாள். பாட்டில்கள் வந்துவிட்டன, வா என்றாள். குத்தல் இல்லை. அதுவே விசித்திரமாக இருந்தது.

கிடங்கு வாசலில் பாட்டில்கள் கிடந்தன. பூனொக் அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எல்லாம் மொட்டைக் கழுத்து. ரிப்பன் கட்டியது ஒன்றே ஒன்று. அதிலும் முடிச்சில் ஒரு கந்தல்தான் மிச்சம், துணி எங்கோ பிய்ந்து போயிருந்தது.

“மத்த ரிப்பன் பாட்டில்?”

“இந்தக் கரை முழுக்கத் தேடியாச்சு. பொம்பளைங்க எல்லாரையும் இறக்கிவிட்டேன். ஒண்ணுகூட இல்ல,” என்றாள் ஜொங்நான். “அந்தச் சியோல் அம்மாக்களோட வேண்டுதல்ல ஏதோ இருக்குபோல.”

பூனொக்கின் நாளெல்லாம் ஈரத் துணியோடு கழிவது. நனைந்த ஒரு விரிப்பைத் தொட்டிக்குள் இழுத்தால் அது எப்படி விரிந்து, தண்ணீரை அணைத்துக்கொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் என்பது அவள் தோள்களுக்குத் தெரியும். அவள் நேரே கிடங்குக்குள் போனாள். அங்கே சிப்பி மணல் கக்குவதற்காக உப்புநீர் நிரப்பிய நீளத்தொட்டி இருந்தது. இரண்டு பாட்டில்களை மிதக்கவிட்டாள். ஒன்றின் கழுத்தில் தன் தலைக்குட்டையைக் கட்டினாள். பருத்திக் குட்டை, நனைந்து மெல்ல உள்ளே தொங்கியது. வலை உலர்த்தும் மின்விசிறியைத் தொட்டியின் ஓரத்தில் வைத்து ஓடவிட்டாள்.

மொட்டைப் பாட்டில் விறுவிறுவென்று மறுமுனைக்குப் போய் முட்டிக்கொண்டது. குட்டை கட்டியது கொஞ்சம் தலையாட்டிவிட்டு, நின்ற இடத்திலேயே நின்றது.

ஜொங்நான் விசிறியை நிறுத்தினாள். மறுபடி ஓடவிட்டாள். அப்புறம் விசிறிப் பக்கத்து முனையிலிருந்த வடிகால் அடைப்பை அவளே பிடுங்கிவிட்டாள். தண்ணீர் வாயை நோக்கி நகர்ந்தது. குட்டை கட்டிய பாட்டில் விசிறியை எதிர்த்துக்கொண்டு, தண்ணீரோடு கூடவே, அவசரமில்லாமல் போயிற்று.

இத்தனை நாள் கண்ணெதிரே இருந்தது இதுதான். மிதக்கும் பாட்டிலுக்கு இரண்டு எஜமானர்கள். தண்ணீருக்கு மேலே நிற்கும் பாதியைக் காற்று தள்ளுகிறது. கீழே இருக்கும் பாதியைத் தண்ணீர் இழுக்கிறது. இலையுதிர் காலத்து வடமேற்குக் காற்று இந்தக் கரையை நோக்கி அடிக்கிறது. வழுவழுப்பான பாட்டிலைத் தண்ணீரால் பிடித்துவைக்க முடியவில்லை, காற்று ஜெயித்துவிடுகிறது. மரக்கட்டையும் செத்த மாடும் ஏறக்குறைய முழுக்க நீருக்குள் கிடப்பவை. காற்றுக்குப் பிடி கிடைக்காது. கீழே துணி தொங்கினால் தண்ணீருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கை கிடைக்கிறது.

“அப்ப வேண்டுதல் இல்லையா?” என்றாள் ஜொங்நான், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

“துணிதான்க்கா.”

“துணியைக் கொண்டுவந்தது வேண்டுதல்தானே.”

பூனொக் குட்டையை அவிழ்த்துப் பிழிந்தாள். போன ரிப்பன்களில் எழுதியிருந்தவை அவள் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தன. யார் கையில் கிடைத்தனவோ. அக்கா கையில் கிடைத்து, அதைப் பார்த்து அக்கா பாட்டிலையும் விட்டுவிட்டு ஓடியிருந்தால்?

அன்றைக்கே ஹெசொனை அழைத்தாள். நடந்ததைத் தொட்டி, விசிறி எல்லாவற்றோடும் சொன்னாள். அமாவாசைக்கு மறுபடி வர வேண்டும், துறைமுனைக்கு அனுமதி வாங்க வேண்டும், ரிப்பன் கொண்டுவர வேண்டும் என்றாள். ராணுவம் தனக்குத் திறக்காத வாயிலை மேளத்துக்கும் பதாகைக்கும் திறக்கிறது. அது எப்படியோ இருக்கட்டும், திறந்தால் சரி.

ஹெசொன் பெருமூச்சு விட்டாள். குளிரில் யார் வருவார்கள், வெளிநாட்டுக்காரர்கள் போய்விட்டார்கள், பத்திரிகைக்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள் என்றாள்.

“பாக்க வேண்டாம், மேடம். அதான் நல்லது. இன்னொண்ணு, ரிப்பன்ல ஒரு எழுத்து இருக்கக் கூடாது.”

“எழுதாத ரிப்பனா? எங்க ஆளுங்ககிட்ட நான் என்னன்னு சொல்லிக் குடுப்பேன்?”

“தண்ணிக்குள்ள தொங்கப்போற துணி. யாரும் படிக்கப்போறதில்ல. படிச்சா ஆபத்து. வெறும் துணின்னா எடுக்கறவ கழுவி, பிள்ளைக்கு இடுப்புல சுத்துவா.”

“நாங்க யாருன்னே அவங்களுக்குத் தெரியாது.”

“தெரியாது.”

ஹெசொன் சிரித்தாளா, இருமினாளா என்று புரியவில்லை. “மெழுகுவத்தி ஏத்தினவங்க பேரு எனக்கும் இன்னிவரைக்கும் தெரியாது,” என்றாள். பிறகு, துணி எவ்வளவு அகலம் என்று கேட்டாள்.

அமாவாசைக்கு ஒரு சின்ன வேனில் கொஞ்சம் பேர்தான் வந்தார்கள். மேளம் இல்லை. பதாகை மட்டும் இருந்தது, வாயிலுக்காக. லெப்டினன்ட் திறந்துவிட்டு, மூக்கு சிவக்க ஓரமாக நின்றான். கூட்டுறவுப் பெண்கள் ஓட்டையிட்ட சிப்பி ஓடுகளை ஒரு வாளி நிறையக் கொண்டுவந்திருந்தார்கள். கட்டும் முறையைப் பூனொக் ஒருமுறை செய்து காட்டினாள். மற்றவர்கள் குனிந்து பார்த்தார்கள்.

பாட்டிலில் முக்கால் அளவு அரிசி. கழுத்தில் எழுதாத பருத்தித் துணி, ஆள் நீளம், இரட்டை முடிச்சு. துணியின் கீழ்நுனியில் ஒரு சிப்பி ஓடு, துணி மேலெழாமல் தொங்குவதற்கு. பாறையடியில் போடக் கூடாது, திட்டில் தட்டும். துறைமுனையில், ஏற்றம் நின்று நுரை மேற்கே நகரத் தொடங்கும்போது போட வேண்டும். அப்போது பாட்டில் காற்றோடு திரும்பாது, தண்ணீரோடு போகும்.